இங்கிலாந்துச் சாப்பாட்டின் மேல் ஒரு வழக்கு

மில்லிக்கன், ஸ்காபரோ,
ரொறன்ரோ
12.01.2025

அன்புத் தங்கச்சி அருள்மலருக்கு,

மாதாவின் காவல் உன் வாசலில் நிற்கட்டும். இங்கே நான், உன் மச்சாள் றெஜீனா, பிள்ளைகள் எல்லாரும் சுகம். நவம்பரில் எனக்கு வந்த காய்ச்சலும் வந்த வழியே போய்விட்டது. இப்போது ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி?

கடிதத்தைக் கண்டு பயப்படாதே, ஒருவரும் சாகவில்லை. நத்தார்ப் பண்டிகையன்று போனில் இங்கிலாந்துச் சாப்பாட்டைப் பற்றிக் கதை தொடங்கி, நீ என்னை வாய் திறக்க விடாமல் முக்கால் மணித்தியாலம் கதைத்து, கடைசியில் "வையுங்கோ போனை" என்று வைத்தாயே, அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். இனி இந்த வழக்கு எழுத்தில்தான். கடிதத்தில் நீ குறுக்கே விழ முடியாது.

என் வாதம் இதுதான். இங்கே இன்று மைனஸ் பத்தொன்பது. ஆனால் வெயில் கண்ணைக் கூசுகிறது. குளிர் என்றால் நேர்மையான குளிர், முகத்தில் அறைந்துவிட்டுத்தான் பேசும். உங்களுடையது வெதரா? பூட்ட மறந்த பைப் மாதிரி வருசம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். சாப்பாடோ, அவித்த முட்டைக்கோவா, அவித்த கரட், அவித்த உருளைக்கிழங்கு. உலகம் முழுக்க அதைப் பழிக்கிறது என்றால் சும்மாவா? நீ இருப்பதும் ஸ்காபரோ, நான் இருப்பதும் ஸ்காபரோ. உங்கள் ஊரைப் பார்த்துத்தான் எங்களுடையதற்குப் பெயர் வைத்தார்களாம். நல்ல காலம், பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள்.

உன் மனுசன் றொபேட் போய் ஆறு வருசம். இன்னும் அந்த முதியோர் இல்லத்துக் குசினியில் யாருக்காக நிற்கிறாய்? மகள் அனோஜா மார்க்கம் நகரத்தில் வீடு வாங்கிப் போய்விட்டாள், மேலறை சும்மா கிடக்கிறது. வந்து ஆறு மாதம் நின்று பார். என் சாப்பாட்டுக் கடையும் உன் கடைதான்.

இத்துடன் இரண்டு கிலோ கறித்தூள் அனுப்புகிறேன், என் கையால் வறுத்தது. உன் பதில் வரும்வரை வழக்கு எனக்கே சாதகம்.

உன் அண்ணன்
ஜூலியஸ்


ஸ்காபரோ, யோக்‌ஷயர்
02.02.2025

அன்புள்ள அண்ணை,

நீங்களும் மச்சாளும் சுகமென்று அறிந்து ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். என் முழங்கால் மழைக்கு முதல்நாளே சொல்லிவிடுகிறது. ஆகையால் அது தினமும் கதைக்கிறது.

வழக்குக்கு வருவோம். சாட்சி சொல்ல உங்களுக்கு என்ன தகுதி? கனடா போகும் வழியில் லண்டனில் ஒன்பது மாதம் ஒரு ஹொஸ்ரலில் இருந்தீர்கள். அதிலும் பாதி மாரி. அந்தச் சாப்பாட்டை வைத்து இங்கிலாந்தைத் தீர்ப்பது, பஸ் ஸ்ராண்ட் கடை வடையைத் தின்றுவிட்டு ஊரையே திட்டுகிற மாதிரி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான், ஆனால் அது அந்தப் பானைச் சோறாக இருக்க வேண்டும்.

மழையைப் பற்றி எழுதினீர்கள். இன்று காலை பூசைக்குப் போகும்போது தூறல். கடற்கரையில் யாருமில்லை. பாசி, உப்பு, ஈரப்புல் எல்லாம் ஒன்றாக மணந்தன. இந்த மணத்துக்காகவே குடையை மடக்கிவிட்டு நடந்தேன். உங்கள் மைனஸ் பத்தொன்பதில் என்ன மணக்கும், சொல்லுங்கள் பார்ப்போம்?

தூள் வந்து சேர்ந்தது. நன்றி. வறுத்தது நீங்களா, உங்கள் கடைச் சீமோனா?

மச்சாளுக்கு என் முத்தம்.

அன்புத் தங்கை
அருள்மலர்


மில்லிக்கன்
20.02.2025

அன்புத் தங்கச்சி,

உன் முழங்காலுக்கும் வாய்க்கும் ஒரே மருந்து ஓய்வுதான். கிடைக்க மன்றாடுகிறேன். நாங்கள் சுகம்.

கறித்தூளை நான் வறுக்காமல் யார் வறுப்பது? சீமோன் பதினாலு வருசமாக என்னோடு நிற்கிறான், வேலையில் நல்ல பிடி, ஆனால் தூள் என்பது முதலாளியின் வேலை. அதென்ன "வந்து சேர்ந்தது"? மாமன் வந்து சேர்ந்தார் என்பதுபோல? சுவை எப்படி என்று எழுத உனக்கு ஒரு வரி கிடைக்கவில்லையா?

நீ சாட்சியைக் கேட்டாய். என் கடை இருக்கும் பிளாசாவிலேயே காட்டுகிறேன். ஒரு பக்கம் ஹக்காச் சீனக் கடை. அங்கே கோழியைக் கடித்தால் காது வரைக்கும் மொறுமொறுப்பு. அடுத்த கதவு தோசை, கல்லிலிருந்து எடுத்த சூட்டில் விரலைச் சுடும். மூலையில் பிலிப்பினோக்காரன் பன்றித்தோல் பொரிக்கிறான், உடைத்தால் கண்ணாடி உடைகிற சத்தம். இவ்வளவும் ஒரே கார் பார்க்கில்! மிளகுக்காக உலகைப் பிடித்துவிட்டு, அதைக் கறியில் போட மறந்தவர்கள் அல்லவா உன் ஆட்கள்?

ஆவணியில் கோயில் திருவிழா. வழக்கம்போல நானூறு பேருக்கு என் ஆட்டுக்கறி. அதற்கு முதலே நீ வந்துவிட வேண்டும். திருவிழாச் சமையல் என்றால் பக்கத்தில் நம்ம வீட்டு நாக்கு ஒன்று இருந்தால் நல்லது. வேறொன்றுமில்லை.

உன் அண்ணன்
ஜூலியஸ்


ஸ்காபரோ, யோக்‌ஷயர்
14.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

தபசுகால நோன்பு உங்களைச் சாந்தமாக வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். நான் சுகம்.

மிளகுப் பகிடி வாட்ஸப்பில் எனக்கும் வந்தது, மூன்று பேரிடமிருந்து. சொந்தமாக ஒன்று சொல்லுங்கள்.

இங்கே என் குசினியில் பதினேழு கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் மூன்று வேளையும் சமைக்கிறேன். அதில் மிஸ்டர் பார்லோ என்று ஒருவர், எண்பத்தெட்டு வயது, வாலிபத்தில் மீன்பிடிக் கப்பலில் நின்றவர். வந்த புதிதில் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவார். "கடதாசி தின்கிற மாதிரி இருக்கு" என்பார். ஒரு வெள்ளிக்கிழமை மீனை நல்ல மொறுமொறுவென்று பொரித்து வினாகிரி ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த நாள் சுடச்சுட ருபார்ப் கிறம்பிள், புளித்தண்டுக்கு மேல் மா மொறுமொறுக்கும் இனிப்பு, அதற்கு மேலே குளிர்ந்த கஸ்ரட். மனுசன் கரண்டியை நக்கினார். பிறகு நான் அவருக்கு எப்படிச் சமைப்பதென்று கண்டுகொண்டேன்.

இங்கிலாந்துக்காரரிடம் வாசனைச் சரக்குக் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொறுமொறுப்பு, சூடு, குளிர், புளிப்பு, மூக்கில் ஏறும் காரம் இதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பாடத்தில் தோற்றுவிட்டது என்பதற்காகப் பாட்டிலும் தோற்றது என்று சொல்லலாமா?

தூளைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல நிறம்.

ஒரு பெட்டி அனுப்புகிறேன். அதில் ஹோர்ஸ்ரடிஷ் ஒரு போத்தல். அது ஒரு வேரைத் துருவி வினாகிரியில் போட்டது, இறைச்சியோடு தொட்டுக்கொள்ளலாம். கூடவே ஒரு சின்னப் பொதி. பெயர் எழுத மறந்துவிட்டேன். நீங்கள் சமையல்காரர்தானே, மணந்து பார்த்து என்னவென்று சொல்லுங்கள்.

அன்புத் தங்கை
அருள்மலர்


மில்லிக்கன்
06.04.2025

அன்புத் தங்கச்சி,

பெட்டி கிடைத்தது. நீ நோன்போடு வேலையும் செய்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. இங்கே எல்லாரும் சுகம்.

முதலில் உன் மர்மப் பொதி. அடி பைத்தியமே, சின்னச்சீரகத்தைக் கப்பலேற்றி எனக்கா அனுப்புகிறாய்? கொல்லன் தெருவில் ஊசி விற்கிறாய். முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. நல்ல தரம், குறை சொல்வதற்கில்லை. சனிக்கிழமை ஓடருக்கு அப்படியே வறுத்துக் கறியில் போட்டேன். அன்று சீமோன் லீவு, முழுச் சமையலும் நான்தான்.

இருபது வருசமாக என்னிடம் சாப்பாடு எடுக்கிற சண்முகநாதன் வந்து, "என்ன அண்ணை, ஆட்டுக்கறி கேக் மாதிரி மணக்குது" என்றார். ஆளுக்கு மூக்கில் ஏதோ வருத்தம் என்று நினைக்கிறேன். பாவம், வயது போகிறது. இரண்டு றொட்டி கூடப் போட்டு அனுப்பினேன்.

அந்த ஹோர்ஸ்ரடிஷ். அதை ஒரு கரண்டி வாயில் வைத்தேன். அருள்மலர், மண்டைக்குள் கதவு திறந்த மாதிரி இருந்தது! மூக்கு எரிந்து, கண்ணால் தண்ணீர் கொட்டி, நான் கடைக்குப் பின்னால் நின்று சிரித்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு...

சரி விடு. நாலு நாளில் போத்தல் காலி. றெஜீனா நான் வெறும் பாணில் அதைப் பூசித் தின்கிறேன் என்று திட்டுகிறாள். முடிந்தால் இன்னும் இரண்டு அனுப்பு. இதை வைத்து உன் பக்கம் வென்றதாக எண்ணாதே. ஒரு வேர் ஒரு நாட்டைக் காப்பாற்றாது.

திருவிழாவுக்கு எப்போது டிக்கெற் போடுகிறாய்?

உன் அண்ணன்
ஜூலியஸ்


ஸ்காபரோ, யோக்‌ஷயர்
23.04.2025

அன்புள்ள அண்ணை,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துக்கள். நான் சுகம். நீங்கள் சுகமில்லை.

அது சின்னச்சீரகம் இல்லை. இங்கே கேக்குக்குப் போடுகிற கேரவே விதை. பார்வைக்கு அண்ணன் தம்பி, மணத்துக்கு உறவே இல்லை. பெயர் எழுத நான் மறக்கவுமில்லை. சண்முகநாதனின் மூக்கில் ஒரு பிழையும் இல்லை.

உங்கள் தூளில் வெந்தயம் கருகி இருந்தது. வறுக்கும்போது வீடே மணத்திருக்கும். கசப்பில் ஒரு கறி வைத்துப் பார்த்துவிட்டு முழுவதையும் கொட்டினேன். உங்கள் கடிதங்களில் சாப்பாடு சத்தம் போடுகிறது, சுடுகிறது. ஒரு இடத்திலும் மணக்கவில்லை. நத்தாரன்று நான் அனுப்பிய கேக்கைப் போன் கமராவுக்கு முன்னால் சாப்பிட்டுச் சுவை சொல்லுங்கோ என்றேன், நீங்கள் இங்கிலாந்துச் சாப்பாடென்று சண்டையைத் தொடக்கினீர்கள். பிறகு கடிதத்துக்கு மாறினீர்கள்.

எப்போதிலிருந்து, அண்ணை?

அருள்மலர்


ஸ்காபரோ, யோக்‌ஷயர்
30.05.2025

அன்புள்ள அண்ணை,

ஐந்து கிழமையாகப் பதிலில்லை. மச்சாளிடம் போனில் கேட்டேன், "அவர் நல்லாத்தானே இருக்கிறார், கடையில நிக்கிறார்" என்றா. உங்கள் கடிதத்தைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

பொறி வைத்துப் பிடித்தேன் என்று கோபமென்றால் கோபத்தை எழுதுங்கள். நேரே கேட்டிருந்தால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருப்பீர்கள்.

வெட்கம் என்றால் அதை விட்டுவிடுங்கள். என் பதினேழு பேரில் ஒன்பது பேருக்கு மணம் தெரியாது. எல்லாரும் முதலில் சமையல்காரியைத்தான் திட்டுவார்கள். மிஸ்டர் பார்லோ மூன்று மாதம் திட்டினார். அவர்களுக்குத்தான் நான் மொறுமொறுப்பும் சூடும் குளிரும் சமைக்கப் பழகினேன். எங்கள் கறி மூக்கை நம்பி வைப்பது. இந்த நாட்டுச் சாப்பாடு மூக்கில்லாதவனையும் பட்டினி போடாது.

ஹோர்ஸ்ரடிஷ் நாலு போத்தல் அனுப்பியிருக்கிறேன். அது மணமில்லை, எரிவு. எரிவு தெரிகிறதென்றால் நீங்கள் இன்னும் குசினியை விட்டுப் போகவில்லை.

இங்கே மழை. உங்கள் கையெழுத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

தங்கை
அருள்மலர்


மில்லிக்கன்
25.06.2025

அன்புத் தங்கச்சி,

உன் சுகத்துக்கு வேண்டுகிறேன். என் சுகம் இதுதான். எழுதிக் கிழித்தது ஐந்து, இது ஆறாவது.

நவம்பர் பதினெட்டாம் திகதி. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள். காலையில் கோப்பியை வாயில் வைத்தேன், சுடுதண்ணீர். றெஜீனா தூள் போட மறந்துவிட்டாள் என்று கத்தினேன். அவள் கோப்பையைப் பார்த்தாள், கறுப்பாக இருந்தது. பகிடி விட்டேன் என்று சமாளித்தேன். மணம் திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார் டொக்டர். அவரைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை.

குளிர் காலத்தில் சமாளித்தேன். மைனஸ் இருபதில் எல்லார் மூக்கும் செத்துத்தான் கிடக்கும், நானும் அதில் ஒருவன். வெயில் வந்தபோதுதான் உடைந்தேன். கடைக்குப் பின்னால் லைலாக் என்கிற ஊதாப்பூ மரம் பூத்தது. றெஜீனா கொப்பை வளைத்து, "என்ன வாசம், பாருங்கோவன்" என்றாள். நான் "ஓம், நல்ல வாசம்" என்றேன். முப்பத்திரண்டு வருசத்தில் அவளுக்கு நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

உப்பை அளந்து போடுகிறேன். தூளை நேரம் பார்த்து வறுக்கிறேன். நீ கொட்டிய தூள் அந்த முறையில் வந்ததுதான். பெரியவர்கள் என் கடைக்கு வந்து ஜூலியஸின் கைப்பக்குவம் என்று சொல்லும்போது ஓடி ஒளிய வேண்டும் போலிருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்காரன், நாக்கு செத்தவன். இதைவிடக் கேவலம் உண்டா?

உன்னை நான் கூப்பிட்டது உன் தனிமைக்காக இல்லை. அவித்த கோவாவும் மழையும் நான் பிடித்த சாட்டு. எனக்கு உன் நாக்கு வேணும். ஆவணியில் நானூறு பேர். நீ என் பக்கத்தில் நின்று ருசி பார்த்துக் கண்ணைக் காட்டினால் போதும், ஒருவருக்கும் தெரியாமல் ஒப்பேற்றிவிடலாம். டிக்கெற் நான் போடுகிறேன். வா.

அண்ணன்
ஜூலியஸ்


ஸ்காபரோ, யோக்‌ஷயர்
10.07.2025

அன்புள்ள அண்ணை,

கடிதத்தை இரண்டுதரம் வாசித்தேன். லைலாக் இடத்தில் அழுதேன். உங்களை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறேன், இந்தத் தூரத்திலிருந்து.

ஆனால் வரமாட்டேன்.

ஒளித்து நின்று ருசி பார்க்க நான் வந்தால் ஒரு திருவிழா ஒப்பேறும். அடுத்த சனிக்கிழமை? அதற்கடுத்தது? பதினாலு வருசம் உங்கள் கறியைத் தின்று வளர்ந்த நாக்கு ஒன்று உங்கள் குசினியிலேயே நிற்கிறது. அதன் பெயர் சீமோன். அதைக் கேட்க வெட்கப்பட்டுக் கடல் தாண்டி ஆள் பிடிக்கிறீர்கள்.

முதலில் மச்சாளிடம் சொல்லுங்கள். பிறகு சீமோனிடம். திருவிழாவன்று எல்லாருக்கும் முன்னால் கரண்டியை அவன் கையில் கொடுங்கள்.

நீங்கள் சும்மா நிற்க வேண்டாம். நம்ம ஊரார் பார்க்காத ஒன்றைச் செய்யுங்கள். மீனுக்கு இங்கிலாந்து மாக்கரைசல். மாவும் சோடாத் தண்ணீரும், ஐஸ் குளிரில் இருக்க வேண்டும். எண்ணெய் நல்ல சூடு. மீனைப் போட்டதும் பெரிய சத்தம் வரும். அந்தச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, தூரத்து மழைபோல ஆகும்போது எடுங்கள். மூக்கு வேண்டாம், நாக்கு வேண்டாம். காது நல்லாத்தானே இருக்கிறது? நத்தாரன்று நான் கத்தியதைக் கேட்டுத்தானே போனை விட்டுக் கடிதத்துக்கு ஓடினீர்கள்.

சொன்ன பிறகு எழுதுங்கள். சொல்லாவிட்டால் எழுத வேண்டாம்.

உங்கள் தங்கை
அருள்மலர்


மில்லிக்கன்
26.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

மாதா உன்னை நூறு வருசம் வைத்திருக்கட்டும், இவ்வளவு பிடிவாதத்துக்கு அது காணாது. நாங்கள் சுகம். இந்த முறை அந்தச் சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

திருவிழாவுக்கு மூன்று நாள் முதல் கடையைப் பூட்டிவிட்டு றெஜீனாவையும் சீமோனையும் குசினியில் இருத்திச் சொன்னேன். சீமோன் தரையைப் பார்த்தான்.

"தெரியும் அண்ணை."

"எப்பயிலிருந்து?"

"நத்தாருக்கு முதல். நீங்கள் கவுண்டருக்குப் போன பிறகு நான் ஒருக்காப் பார்த்து உப்புப் புளி சரிக்கட்டுவன். கறி கேக் மாதிரி மணந்த அந்தச் சனிக்கிழமை மட்டும் எனக்கு லீவு."

நான் றெஜீனாவைப் பார்த்தேன். "வீட்டுக் கறியை ஆர் திருத்தினதெண்டு நினைக்கிறீங்கள்?" என்றாள். "லைலாக் பூவை நான் அண்டைக்குக் காட்டினது, நீங்கள் வாய் திறப்பியளோ எண்டுதான்."

ஒன்பது மாதம் எல்லாரையும் ஏய்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன், அருள்மலர். அவர்கள்தான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அரிசி மூட்டையில் குந்தி அழுதேன், இந்த முறை ஹோர்ஸ்ரடிஷ் இல்லாமல்.

திருவிழாவன்று கரண்டியை எல்லாருக்கும் முன்னால் சீமோனிடம் கொடுத்தேன். "இனி இவன் சொல்கிறதுதான் உப்பு" என்றேன். காரணத்தையும் சொன்னேன். பிறகு மூன்று பேர் தனித்தனியாக வந்து தங்களுக்கும் அப்படித்தான் என்று காதுக்குள் சொன்னார்கள். வீட்டில் தெரியாதாம்.

நான் கொட்டகைக்கு வெளியே உன் மீனைப் பொரித்தேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டேன். தூரத்து மழை என்று எழுதினாய், சரியாகத்தான் எழுதினாய். நூற்றிருபது துண்டு, ஒன்றும் கருகவில்லை. சண்முகநாதன் மூன்றாந்தரம் வந்து, "உது எங்க பழகினது?" என்றார். இங்கிலாந்தில் என்றேன். நம்பவில்லை. நானும் ஒன்றைக் கடித்தேன். தலைக்குள் அந்தச் சத்தம், பிறகு சூடு, பிறகு வினாகிரி. ஒன்பது மாதத்தில் முதல்முறையாக ஒரு துண்டை முழுதாகத் தின்று முடித்தேன். அந்த மூன்று பேரையும் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர்களும் மிச்சம் வைக்கவில்லை.

ஆகவே தீர்ப்பு. சாப்பாட்டு வழக்கில் நான் தோற்றேன். எழுத்திலேயே தருகிறேன், வேண்டுமானால் சட்டம் போட்டு மாட்டு.

மூக்கு இன்னும் வரவில்லை. டொக்டர் சொன்னதையே சொல்கிறார். கடையைச் சீமோன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். நவம்பர் நாலாம் திகதிக்கு எனக்கும் றெஜீனாவுக்கும் டிக்கெற் போட்டிருக்கிறேன். உங்கள் நவம்பர் எப்படியென்று எனக்குத் தெரியும். வெதர் வழக்கை நான் இன்னும் விடவில்லை, நேரில் வந்துதான் வாதாடுவேன். மிஸ்டர் பார்லோவையும் சாட்சிக்கு வரச் சொல்.

நீ பூசைக்குப் போகும் அந்தக் கடற்கரையால் எங்களைக் கூட்டிக்கொண்டு போ. பாசியும் புல்லும் எப்படி மணக்கிறதென்று றெஜீனா எனக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். குடை கொண்டுவரமாட்டேன். மணக்காவிட்டால் என்ன, நனையலாம்தானே.

உன் அண்ணன்
ஜூலியஸ்